குற்றாலத்தின் ஒரே லினக்ஸ்காரி

தென்காசியில் யார் வீட்டில் புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கினாலும் நம்பிராஜனுக்கு மூக்கில் வேர்த்துவிடும். அன்று சாயங்காலமே சட்டைப்பையில் ஒரு பென் டிரைவைப் போட்டுக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார். "விண்டோஸ் வேண்டாம் அண்ணாச்சி, லினக்ஸ் போட்டுத் தாரேன். வைரஸ் வராது, காசு கிடையாது, உள்ள என்ன இருக்குன்னு யார் வேணும்னாலும் தொறந்து பாத்துக்கிடலாம்" என்று ஆரம்பிப்பார். பட்டாளத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்து ஹவில்தாராக ஊர் திரும்பியவர், மரியாதையான மனுஷர், முகத்துக்கு நேரே எப்படி மறுப்பது? காப்பி கொடுத்து உட்காரவைத்துப் போட்டுக்கொள்வார்கள். மறுநாள் காலையில் அதே கம்ப்யூட்டர் மொபெட்டில் கால் வைக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு பிரின்ஸ் கடைக்குப் போகும்.

பிரின்ஸ் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். கெட்டவன் இல்லை. "அண்ணாச்சி வந்துட்டுப் போயிருக்காகளோ?" என்று மட்டும் கேட்பான். லினக்ஸை வழித்துப் போட்டுவிட்டு, எங்கிருந்தோ இறக்கி வைத்திருக்கும் விண்டோஸை ஏற்றிக் கொடுத்துக் கூலியை வாங்கிக்கொள்வான். அதுவும் ஓசிச் சரக்குதான். ஆனால் கூலி கொடுத்துவிட்டதால் அது விலைக்கு வாங்கின சாமான் ஆகிவிடுகிறது. நம்பிராஜன் போட்டது இலவசம். இலவசம் என்றால் அரசாங்க மிக்ஸி, ரேஷன் கடை வேட்டி சேலை. நாலு பேருக்குத் தெரிந்த குடும்பத்தில் அதைப் பெருமையாக முன்னறையில் வைப்பார்களா? "நல்ல சாமானா இருந்தா சும்மா தருவானாவே?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு நம்பிராஜனிடம் ஒரு மணி நேரத்துக்குப் பதில் உண்டு. நின்று கேட்க ஆள்தான் கிடையாது.

அவருக்கு இந்தப் பித்து பிடித்து இருபது வருஷம் ஆகப்போகிறது. அப்போதெல்லாம் எழுதிக் கேட்டாலே வெளிநாட்டிலிருந்து தபாலில் சிடி அனுப்பினார்கள். ஒரு உறை நிறைய வந்ததை ஊரெல்லாம் விநியோகம் செய்தார். ஒன்று ஒரு சொந்தக்காரரின் புல்லட்டுக்குப் பின்னால் ராத்திரி வெளிச்சத்துக்கு மின்னப் போயிற்று. இரண்டு அச்சன்புதூர் வயலில் கயிற்றில் தொங்கி மயில் விரட்டின. எங்கள் வட்டாரத்தில் லினக்ஸ் உருப்படியாகச் செய்த முதல் வேலை அதுதான். நம்பிராஜன் மனம் தளரவில்லை. "இந்த வருஷம் பாருங்க, எல்லாரும் மாறிருவாக" என்றார். அடுத்த வருஷமும் அதையே சொன்னார். பகலில் அவர் வேலை பார்க்கிற கேஸ் ஏஜென்சியில் முழுக்க விண்டோஸ். வீட்டில் அவர் சம்சாரத்துக்குப் போன் போதும். பாவம், பிரசங்கத்துக்கு ஆள் உண்டு, ஞானஸ்நானத்துக்கு ஒருத்தரும் இல்லை என்கிற நிலைமை.

ஒருத்தி இருந்தாள். அவருடைய அக்கா மாடத்தி.

அக்கா வீடு குற்றாலத்தில், ஐந்தருவி போகிற ரோட்டில். அத்தான் குற்றாலீஸ்வரன் போலீஸில் ஏட்டாக இருந்தவர். கடைசி வருஷங்களில் அவருக்கு அருவிக்கரையில் டியூட்டி. சீசனில் சாரல் விழுந்து கூட்டம் கூடிவிட்டால் காலையிலிருந்து மைக்கைப் பிடித்துக்கொண்டு எண்ணெய் தேய்க்காதே, சோப்பு போடாதே, பாதுகாப்பு வளைவைத் தாண்டாதே என்று கத்தவேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தொண்டை கட்டி, சோறு கேட்கக்கூடச் சைகைதான். "இத ஒருதடவை பதிஞ்சு வச்சுக்கிட்டா நாள் முழுக்க அதுவே சொல்லிக்கிட்டு இருக்கும்லா, அத்தான்" என்று நம்பிராஜன் யோசனை சொன்னார். அத்தான் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே லினக்ஸ் போட்டாயிற்று; மச்சினன் ஆசைப்படுகிறானே என்று அவர் தடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக்கை மாட்டிப் பதிந்தார்கள்.

நல்லபடியாக வந்த பதிவு அருவிக்குப் போயிற்று, இரண்டு சீசன் ஒலித்தது. கெட்டுப்போன ஒரு பதிவை நம்பிராஜன் விளையாட்டாகத் திரையில் ஒரு ஐக்கானாக வைத்து, 'குக்கர்' என்று பெயர் போட்டார்.

அதில் இருந்தது இவ்வளவுதான். "பொதுமக்களின் அன்பான கவனத்திற்கு. அருவிப் பகுதியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு, சிகைக்காய்..." என்று அத்தான் கணீரென்று எடுப்பார். உள்ளே குக்கர் வீறிடும்.

"ஏட்டி மாடத்தி, மூணு விசில் ஆயிட்டுல்லா, அமத்துட்டி!"

"ரெண்டுதான் ஆயிருக்கு. கறி வேகாண்டாமா?"

"நான் எண்ணிக்கிட்டுல்லா இருக்கேன். மூணு."

"நீங்க அருவிக்கு உத்தரவு போடுங்க. என் அடுப்படிக்குப் போடாதீங்க."

பிறகு அத்தான் சிரிப்பார். காக்கிச் சட்டையில் ஊருக்குக் காட்டாத சிரிப்பு, மூச்சு முட்டி இருமலில் போய் நிற்கிற சிரிப்பு. "லே நம்பி, இதையும் புடிச்சிட்டியா? அழிச்சிருலே" என்பதோடு முடிந்துவிடும்.

கொரோனாவின் இரண்டாவது வருஷத்தில் மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன அத்தான் வீடு திரும்பவில்லை. அக்காவுக்கு முகம்கூடக் காட்டவில்லை, ஒரு வார்த்தை பேசவும் முடியவில்லை. காரியமெல்லாம் முடிந்து வீடு வெறிச்சோடின பிறகு அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஏலே நம்பி, அந்தப் பெட்டிக்குள்ள அவுக பேசுனது இருக்கா?"

இருந்தது. எங்கே பொத்தான், எங்கே சுட்டி, எத்தனை தடவை தட்டவேண்டும் என்று நம்பிராஜன் சொல்லிக்கொடுத்தார். அதிலிருந்து அக்கா தினமும் விளக்கேற்றிவிட்டு வந்து கம்ப்யூட்டரைப் போடுவாள், 'குக்கர்' மேல் இரண்டு தட்டுத் தட்டுவாள், கேட்பாள், தம்பி சொல்லிக்கொடுத்த முறைப்படி அணைத்து உறையைப் போடுவாள். விசில் சத்தம் வருகிற இடத்தில் தலை தன்னால் அடுப்படிப் பக்கம் திரும்பும். வேறு எதையும் அவள் தொட்டது கிடையாது.

ஆனாலும் கணக்கு கணக்குதானே? நம்பிராஜனுக்குப் போனில் ஒரு குழு உண்டு. அவரைப் போலவே ஊர் ஊருக்கு ஒண்டியாகக் கிடக்கிற லினக்ஸ் பித்தர்கள் அதில் இருந்தார்கள். "எங்க அக்கா ஆறாம் வகுப்புதான் படிச்சவங்க. தினசரி லினக்ஸ்தான் பயன்படுத்துறாங்க" என்று அதில் போட்டார். கைதட்டல் படங்கள் மளமளவென்று விழுந்தன. எதற்குப் பயன்படுத்துகிறாள் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், கல்யாண வீட்டுக்காரர் மாதிரி இருந்தது.

இந்த ஒற்றை வெற்றிக்கும் எமனாக வந்தது சீசன். ஆனி பிறந்து மேல்காற்று வீச ஆரம்பித்தால் குற்றாலத்தில் வீடு வைத்திருக்கிறவர்களுக்கு வீடு சொந்தமில்லை. அத்தான் வழிச் சொந்தமெல்லாம் துண்டும் தூக்குச்சட்டியுமாக வந்து இறங்கும். குளித்துவிட்டு வந்து, தின்றுவிட்டு, மழை பிடித்துக்கொண்டால் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும். "என்ன பெரியம்மை, இதுல ஒண்ணுமே ஓட மாட்டேங்கு?" என்று யாராவது ஒருவர் அக்காமேல் இரக்கப்பட்டு, அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்து விண்டோஸைப் போட்டுவிடுவார். புரட்டாசியில் கூட்டம் வடிந்ததும் நம்பிராஜன் பென் டிரைவோடு போய் மறுபடி லினக்ஸைப் போடுவார். வருஷம் தவறாமல் இதே கூத்து. சீசனுக்கு விண்டோஸ், சீசன் முடிந்தால் லினக்ஸ்.

ஒரு வருஷம் பாஸ்வேர்டு போட்டுப் பார்த்தார். அத்தானின் அக்கா ஒருத்தி, "வந்த எடத்துல பொட்டியப் பூட்டிப் போட்டிருக்காக. நாங்க என்ன களவாங்கவா வந்தோம்?" என்று மூக்கைச் சிந்திவிட்டாள். மச்சினன் என்ன செய்ய முடியும்? அது அத்தான் வீடு, வருகிறவர்கள் அத்தான் மனுஷர்கள். "எடுத்துருலே, பொல்லாப்பு வேண்டாம்" என்றாள் அக்கா. எடுத்துவிட்டார்.

அதற்குப் பதில் தந்திரம் ஒன்று செய்தார். கம்ப்யூட்டரின் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, அத்தான் குரலையும் போட்டோக்களையும் பின்பாதியில் வைத்தார். அது லினக்ஸ் முறையில் அமைந்த பகுதி. விண்டோஸின் கண்ணுக்கே தெரியாது. முன்பாதியில் எவன் வந்து என்ன ஆட்டம் போட்டாலும் பின்பாதி பத்திரம். இன்னொரு பிரதி, தனியாக ஒரு சிறிய ஹார்ட் டிஸ்கில், பீரோவுக்குள். அதையும் அதே முறையில்தான் அமைத்தார். வேறு முறையில் அமைப்பாரா அவர்?

ஆனால் சீசன் மாதங்களில் அக்காவுக்குக் குக்கர் கிடையாது. அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. பட்டாளத்தில் இருக்கிற அவள் மகன் புதுப் போன் ஒன்று வாங்கி அனுப்பியபோதுதான் கேட்டாள். "லே, அத இந்தப் போன்ல ஏத்தித் தாரியா? சீசன்லயும் கேட்டுக்கிடுவேன்லா."

ஒரு வயரை மாட்டினால் முடிகிற வேலை. நம்பிராஜன் சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் மனசு ஒரு கணக்குப் போட்டது. போனில் ஏறிவிட்டால் அப்புறம் இந்தக் கம்ப்யூட்டரை யார் போடுவார்கள்? உறை மூடிக் கிடக்கும். இத்தனை வருஷத்துக்கு அவர் காட்டுவதற்கு இருக்கிற ஒரே ஆளும் போய்விடும்.

"அது இதுல ஏறாதுக்கா" என்றார். "அது வேற மாதிரி."

"அப்படியா? சரி, சரி" என்றாள் அக்கா. தம்பி சொன்னால் அது வேதம். அவருக்கு அது பொய் என்றே அப்போது தோன்றவில்லை. கொஞ்ச நாள் போகட்டும், பிறகு ஏற்றிக் கொடுக்கலாம் என்றுதான் இருந்தார். அந்தக் கொஞ்ச நாளில் இரண்டு சீசன் ஓடிவிட்டது.

இந்த வருஷம் நம்பிராஜனுக்கு நிலைகொள்ளவில்லை. பழைய விண்டோஸுக்குக் கம்பெனியின் ஆதரவு புரட்டாசியோடு நிற்கப்போகிறது, புதியது பழைய கம்ப்யூட்டர்களில் ஏறாது என்று செய்தி வந்தது. ஊரில் பாதிக் கம்ப்யூட்டர் பழசு. "இப்ப எங்க போவாக? இந்த வருஷம்தான்வே, சொல்லிவச்சிக்கிடுங்க" என்று பிரின்ஸ் கடை வாசலிலேயே நின்று சொன்னார். பிரின்ஸ் சிரித்துக்கொண்டே டீ சொன்னான். செய்தியைக் கேட்ட ஜனங்கள் என்ன செய்தார்கள் என்றால், ஒன்றும் செய்யவில்லை. ஆதரவு இல்லாவிட்டால் என்ன, படம் ஓடுகிறதே என்று இருந்துவிட்டார்கள்.

சீசன் முடிந்து பென் டிரைவோடு அக்கா வீட்டுக்குப் போனார். அத்தானின் தம்பி மகன் விஜயசங்கர் குடும்பத்தோடு வந்து தங்கிவிட்டுப் போனதாக அக்கா சொன்னாள். கோயம்புத்தூரில் பேங்கில் அதிகாரி, தங்கமான பிள்ளை. "அருவில வெள்ளம்னு குளிக்க விடல. புள்ளைக வீட்டுக்குள்ளயே அடஞ்சு கெடந்துதுக. பாவம், அவன்தான் இத என்னமோ நல்லா ஆக்கிக் குடுத்துட்டுப் போயிருக்கான்" என்றாள்.

நம்பிராஜன் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தார். விண்டோஸ். அது வழக்கம்தான். ஆனால் டிஸ்கில் இடம் இரண்டு மடங்காகக் காட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பின்பாதி என்று ஒன்று இல்லை. எழுந்துபோய் பீரோவைத் திறந்து ஹார்ட் டிஸ்கை எடுத்து மாட்டினார். அதில் சினிமாப் படங்கள் வரிசையாக இருந்தன.

வாசலுக்கு வந்து விஜயசங்கருக்குப் போன் செய்தார்.

"ஆமா மாமா, நான்தான் சரிபண்ணேன்" என்றான் அவன் சந்தோஷமாக. "பாதி டிஸ்க் சும்மா காலியாக் கெடந்துது மாமா, பேருகூட இல்ல. வேஸ்ட்டாப் போகுதேன்னு சேத்து விட்டுட்டேன். இப்ப ஸ்பீடா இருக்குல்லா?"

"பீரோவுல ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்துச்சே மாப்ள..."

"அதுவும் புதுசுதான மாமா? மாட்டுனதும் ஃபார்மட் பண்ணணும்னு கேட்டுச்சு. ஓகே குடுத்துட்டு, புள்ளைகளுக்குப் படம் ஏத்தினேன். ஏன் மாமா, ஏதும் இருந்துச்சா?"

"இல்ல மாப்ள. சும்மாதான் கேட்டேன்."

வேறு என்ன சொல்வது? அவன்மேல் கோபப்பட ஒரு காரணத்தைத் தேடினார், கிடைக்கவில்லை. காலி என்று காட்டியது, காலி என்று நம்பினான். எவர் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்று ஊரெல்லாம் சொல்லி அலைந்தாரே, அந்த வீட்டில் அதைத் திறக்கத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். மற்ற எல்லாருக்கும் அது வெறும் காலி இடம். விண்டோஸில் வைத்திருந்தால் 'அத்தான்' என்று ஒரு மஞ்சள் ஃபோல்டர் எவன் கண்ணுக்கும் தெரிந்திருக்கும், தொட்டிருக்க மாட்டான்.

அக்காவிடம், "கொஞ்சம் ரிப்பேர், எடுத்துட்டுப் போய்ச் சரிபண்ணித் தாரேன்" என்று கம்ப்யூட்டரையும் ஹார்ட் டிஸ்கையும் தென்காசிக்குக் கொண்டுவந்தார். அழிந்ததை மீட்கிற நிரல்களை எல்லாம் ஓட்டினார். தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார். வந்தவையெல்லாம் துண்டும் துணுக்கும். போட்டோக்களில் பாதிக்குக் கீழே சாம்பல் நிறம். கடைசியில், யாரிடம் போகக் கூடாது என்று இருபது வருஷம் வைராக்கியமாக இருந்தாரோ, அவனிடமே போனார்.

பிரின்ஸ் கேலி செய்யவில்லை. கடையை அடைக்கும் நேரம் தாண்டியும் உட்கார்ந்து பார்த்தான். "மேல படத்த ஏத்திட்டாக அண்ணாச்சி. கீழ இருந்தது நசுங்கிப் போச்சு" என்றான். பிறகு மெதுவாக, "இத ஒரு போன்ல போட்டு வச்சிருக்கலாம்லா?" என்றான். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. நம்பிராஜன் ஏதோ வயரைச் சுருட்டுவது போலக் குனிந்துகொண்டார்.

ஒரே ஒரு ஒலிக்கோப்பு முழுசாகத் தேறியது. பெயர் போய், வெறும் எண்ணாக வந்து நின்றது. பிரின்ஸ் அதைத் தட்டினான். "பொதுமக்களின் அன்பான கவனத்திற்கு" என்று அத்தான் குரல் கடை முழுக்கக் கேட்டது. நம்பிராஜனுக்குக் கண் நிறைந்துவிட்டது. எண்ணெய், சோப்பு, ஷாம்பு, சிகைக்காய் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். விசில் வரவில்லை. குரல் தடங்கலில்லாமல் மேலே போயிற்று. அருவிக்கு அனுப்பிய நல்ல பதிவு அது. அதற்கு நாலைந்து பிரதி எடுத்து வைத்திருந்தார். அதில் ஒன்று தப்பிவிட்டது. கெட்டுப்போன பதிவுக்கு அத்தனை பிரதி யார் எடுப்பார்கள்?

மறுபடி லினக்ஸைப் போட்டார். அதே பின்னணிப் படம், அதே இடத்தில் ஒரு ஐக்கான். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, 'குக்கர்' என்றே வைத்தார். அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம், ஒருவேளை கவனிக்க மாட்டாளோ என்று ஒரு அற்ப ஆசை. அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

சாயங்காலம் அக்கா விளக்கேற்றிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "சரியாயிட்டா?" என்று கேட்டுக்கொண்டே முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, இரண்டு தட்டுத் தட்டினாள். அத்தான் குரல் எடுத்ததும் முகம் மலர்ந்தது. எண்ணெய், சோப்பு, ஷாம்பு, சிகைக்காய். தலை அடுப்படிப் பக்கம் திரும்பிற்று. திரும்பியபடியே நின்றது. பெண்கள் பகுதி, குழந்தைகள் பத்திரம், நகைகள் கவனம் என்று குரல் போய்க்கொண்டே இருந்தது. மீறுவோர்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று சொல்லி, நன்றி என்று முடிந்தது.

அக்கா இன்னொரு தடவை தட்டினாள். அதே நன்றிவரை கேட்டாள்.

"இது ஏட்டு பேசுதது" என்றாள். "அவுக பேசுதது எங்கலே?"

நம்பிராஜன் சொன்னார். எங்கே இருந்தது, எப்படிப் போயிற்று என்று சொல்ல முடிந்ததைச் சொன்னார். அவளுக்கு என்ன புரிந்ததோ. அழுவாள் என்று பயந்தார், அழவில்லை.

"விஜயசங்கருகிட்ட ஒண்ணும் கேட்டுறாத. தெரிஞ்சா புள்ள மனசொடிஞ்சு போவான்" என்றாள். பிறகு, தம்பி சொல்லிக்கொடுத்த முறைப்படியே கம்ப்யூட்டரை அணைத்து, பெட்டியின் விளக்கு அணைகிறவரை காத்திருந்து, உறையை இழுத்து மூடினாள். "இத நீயே கொண்டுட்டுப் போயிருலே. யாருக்காவது ஆகும். எனக்கு இனி என்னத்துக்கு?"

அவர் பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுருட்டினார்.

"நீயும் எவ்வளவோதான் பாத்த. என்னத்தச் செய்ய?" என்றாள் அக்கா, அவரைத் தேற்றுகிற குரலில். மேசையில் கிடந்த தன் போனை எடுத்துக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். "அது இதுல ஏறாத சாமானாப் போச்சு. ஏறியிருந்தா இதுலயாவது கெடந்துருக்கும். ஏறாதுதானலே?"

நம்பிராஜன் அக்காவின் முகத்தைப் பார்த்தார். அதில் சந்தேகம் என்று ஒரு பொட்டு இல்லை.

"ஏறாதுக்கா" என்றார்.